‘முன்’ படத்தில் இருந்த மூக்கு

மணப்பெண் அலங்காரத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். கடையைச் சாத்திவிட்டு வீட்டோடு இருக்கிறவள் நான். எந்த ஃபவுண்டேஷன் வேர்வையில் நிற்கும், எந்த மை கண்ணீரில் கரையாது என்பதெல்லாம் போனைத் திறந்தால் உங்களுக்கே கிடைக்கும். என்னிடம் இருப்பது ஒரு கோபம்தான். கடையை மூடினால் ஆறும் என்று நினைத்தேன், ஆறவில்லை. அதனால் அதையே எழுதித் தருகிறேன். யாருக்காவது சுருக்கென்று தைத்தால் தைக்கட்டும்.

என் பார்லர் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப் புடவைக் கடையின் மாடியில் இருந்தது. கீழே இரண்டு வீட்டாரும் கூடி முகூர்த்தப் புடவை எடுப்பார்கள். புடவை முடிவானதும் பெண்ணை மாடிக்கு அனுப்புவார்கள். அந்தப் புடவையைத் தோளில் போட்டு, அந்த நிறத்துக்கு முகம் எப்படி எடுக்கும் என்று ட்ரையல் பார்ப்போம். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரே நடையில் இரண்டு வேலை முடியும். இதில் ஒரு தொல்லை உண்டு. பெண் மட்டும் ஏறி வர வேண்டும் என்றுதான் பேச்சு. ஆனால் மாப்பிள்ளையின் அக்காவோ சித்தியோ ‘சும்மா பாக்கலாம்’ என்று பின்னாலேயே வந்து சோபாவில் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களை எழுந்து போகச் சொல்ல முடியாது. முகூர்த்தப் புடவை அவர்கள் எடுத்துக் கொடுப்பது.

சங்கீதா அப்படித்தான் வந்தாள். தாமல் கிராமத்துப் பெண். அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் நிலம், கூடவே கொஞ்சம் கட்சி வேலை. அவள் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்தாள். மாப்பிள்ளை சதீஷ் வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருக்கும் வீட்டுப் பையன். மாடி ஏறி வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள். கீழே புடவைகளைப் பிரித்துப் பிரித்துக் காட்டிக்கொண்டிருக்க, அவளுடைய அப்பா மெத்தையில் சாய்ந்து குறட்டை விட்டுவிட்டாராம். அதைச் சொல்லி, குறட்டையையும் விட்டுக் காட்டினாள். கூடவே மாப்பிள்ளையின் அக்கா வந்திருந்தார். அவரும் சிரித்தார்.

சங்கீதாவின் மூக்கு நீளமான மூக்கு. பக்கவாட்டில் பார்த்தால் நடுவில் லேசாக ஒரு மேடு தெரியும். அவள் முகத்துக்கு அது பொருந்தித்தான் இருந்தது. நான் பார்த்தேன், பார்த்ததோடு விட்டேன். எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுத்தந்தவர் நாடக மேடைக்கு வேஷம் போட்டுப் பழகிய ஒரு அம்மாள். முதல் நாளே என்னிடம், “வாய மூடிக்கினு மூஞ்சியப் பாரு. நீ பாத்தத உன் கை சொன்னா போதும்” என்றார். அவர் சொன்னதில் பாதியை நான் கேட்டதில்லை. இதைக் கேட்டேன்.

அன்று உள் அறையில் இன்னொரு பெண்ணுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தேன். சங்கீதாவை என்னிடம் வேலை செய்த ரேகாவிடம் விட்டிருந்தேன். ரேகாவுக்கு நல்ல கை. கண்ணுக்கு மை தீட்டினால் நானே நின்று பார்ப்பேன். அந்தக் கையைப் படைத்த கடவுள் வாயைப் படைக்கும்போது வேறு வேலையாகப் போய்விட்டார். நாற்காலியைத் திருப்பிவிட்டு அவள் சொன்ன முதல் வார்த்தைகள் இவை, பின்னால் சங்கீதா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது:

“மேடம், உங்க ஸ்கின் சூப்பரா இருக்குது. மூக்குதான் சைடுல கொஞ்சம் மேடா தெரியுது. கவலப்படாதீங்க, ஷேடு குடுத்து மறைச்சிடலாம்.”

சோபாவிலிருந்து மாப்பிள்ளையின் அக்கா, “ஆமாம்பா, நான்கூட சொல்லணும்னு நெனச்சேன்” என்றார்.

அந்த அக்கா அதற்கு முன் அப்படி நினைத்தே இருக்க மாட்டார் என்று நான் சத்தியம் செய்வேன். பெண் பார்க்க வந்தார்கள், நிச்சயம் செய்தார்கள், பூ வைத்தார்கள். அத்தனை தடவையும் கண்ணில் படாத மேடு, ரேகா சொன்னதும் பட்டுவிட்டது. ஒரு தொழில்காரி சொல்லிவிட்டால் அதற்கு முத்திரை விழுந்துவிடுகிறது. தைக்கிறவர் ‘தோள் கோணலா இருக்குது’ என்று சொன்னால் அன்றைக்குச் சாயங்காலமே கண்ணாடி முன்னால் நின்று தோளைத் தூக்கிப் பார்க்கிறோம் இல்லையா, அது மாதிரி. நம் வாய்க்கு அவ்வளவு பலம் இருக்கிறது. அது தெரியாமல் வாயைத் திறக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதோடு நின்றிருந்தால்கூடப் போகட்டும் என்றிருப்பேன். ரேகா என்னைக் கேட்காமல் ஒரு வீடியோ எடுத்தாள். அலங்காரத்துக்கு ‘முன்’, அலங்காரத்துக்குப் ‘பின்’. நீங்கள் எல்லோரும் எடுப்பதுதான். அதை எப்படி எடுக்கிறோம் என்பது நமக்குள் தெரிந்த ரகசியம், இங்கே வெளிப்படையாகவே எழுதுகிறேன். ‘முன்’ படத்துக்கு, முகத்துக்கு நேரே எரியும் ரிங் லைட்டை அணைத்துவிட்டு, தலைக்கு மேல் இருக்கிற டியூப் லைட்டை மட்டும் விடுவோம். பொட்டை எடுத்துவிடுவோம். முடியைக் காதுக்குப் பின்னால் இறுக்கித் தள்ளுவோம். “கொஞ்சம் கீழ பாருங்க, சிரிக்காதீங்க” என்போம். அழகியாகவே இருந்தாலும் அந்த வெளிச்சத்தில் நாலு நாள் காய்ச்சலில் கிடந்தவள் மாதிரி ஆகிவிடுவாள். ‘பின்’ படத்துக்கு எல்லா விளக்கும் எரியும், தாடை நிமிரும், சிரிப்பு வரும். பார்க்கிறவர்கள் ‘ஐயோ, என்ன மாயம்’ என்று வாயைப் பிளப்பார்கள்.

ரேகா அதைப் பக்கவாட்டில் எடுத்து, ‘மூக்கு சரி செய்த பிறகு’ என்று எழுதி, கடையின் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டாள். மாப்பிள்ளையின் அக்கா அதைக் குடும்ப குரூப்பில் போட்டார். எனக்கு இதில் எதுவுமே தெரியாது. அந்தப் பக்கத்தை நான் திறந்து பார்ப்பதில்லை. விளம்பரம் எல்லாம் சின்னப் பெண்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மதியம் சங்கீதா தனியாக வந்தாள். கடையில் கூட்டம் இல்லை. ரேகா மூலையில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தாள். சங்கீதா வாசற்படியிலேயே நின்று என்னிடம் கேட்டாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். மூக்குல ஆபரேசன் பண்ணிக்கினா, முகூர்த்தத்துக்குள்ள வீக்கம் வத்திடுமா? வத்தலன்னா மேக்கப்புல மறைக்க முடியுமா?”

“யாருக்கும்மா ஆபரேசன்?”

“எனக்குத்தான். நாளைக்கு மெட்ராஸ்ல டாக்டரப் பாக்கப் போறேன். வீட்ல தெரியாது. ப்ளவுசுக்குத் துணி எடுக்கப் போறேன்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

உள்ளே வரச்சொல்லி உட்கார வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வந்தது. மாப்பிள்ளை வீட்டு குரூப்பில் மூக்கை வைத்து அவளுக்குக் ‘கிளி’ என்று பெயர் வைத்துவிட்டார்களாம். ஒரு சித்தப்பா, “கிளி எப்ப வாலாஜாபாத்துக்குப் பறந்து வரும்?” என்று கேட்டாராம். சதீஷ்கூடத் தினமும் காலையில் பச்சைக்கிளிப் படம் ஒன்று அனுப்புகிறானாம். ஆசையாகத்தான் அனுப்பினான். ஆசையாக இருந்தால் குத்தாதா?

“அனுப்ப வேணாம்னு சொன்னியா அவர்கிட்ட?”

“எப்பிடிக்கா சொல்றது? சொன்னா, இதுக்கா கோச்சிக்கிறன்னு சிரிப்பாங்க.”

அதன் பிறகுதான் போனை எடுத்து வீடியோவைக் காட்டினாள். என் கடை, என் நாற்காலி, என் பெயர் போட்ட பலகை. ‘மூக்கு சரி செய்த பிறகு.’ ரேகாவைக் கூப்பிட்டேன். ஏன் இப்படி எடுத்தாய் என்று கேட்டேன். அவள் பயப்படக்கூட இல்லை, உண்மையிலேயே புரியாமல் பார்த்தாள்.

“எல்லாரும் அப்பிடித்தானக்கா எடுக்கறாங்க. முன்ன நல்லா இருந்துட்டா, பின்ன நாம இன்னாத்தக் காட்றது?”

இந்த ஒரு பேச்சை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு நான் போயிருக்கலாம். நம் தொழில் இன்று எங்கே நிற்கிறது என்பது அதிலேயே முழுக்க இருக்கிறது. நாம் அழகு செய்வதைக் காட்ட, முதலில் ஒருத்தியை அசிங்கம் செய்ய வேண்டியிருக்கிறது. அவளும் அதற்குக் காசு கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த இடத்தில் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. ரேகாவைத் திட்டியிருக்கலாம், எனக்கு ஆறுதலாக இருக்கும், சங்கீதாவுக்கு ஒன்றும் ஆகாது. “உன் மூக்கு அழகா இருக்குதும்மா” என்று சொல்லியிருக்கலாம். வாடிக்கைக்காரியிடம் நாம் சொல்லும் பாராட்டை யார் நம்புகிறார்கள்? அவளுடைய அப்பாவுக்கு போன் செய்யலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. என்னை நம்பி ரகசியம் சொன்னவளை அப்படிக் காட்டிக்கொடுத்தால் அவள் இனி யாரிடமும் வாயைத் திறக்க மாட்டாள். அதனால் ரேகாவை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னேன்.

“நானா?” என்றாள்.

“நீதான். பொட்ட எடு. கீழ பாரு. சிரிக்காத.”

ரிங் லைட்டை அணைத்தேன். சங்கீதாவின் கையிலேயே போனைக் கொடுத்துப் பக்கவாட்டில் படம் எடுக்கச் சொன்னேன். ரேகா எங்கள் கடையிலேயே லட்சணமான பெண். படத்தில் கன்னம் குழிந்து, மூக்கு தொங்கி, வேறு யாரோ மாதிரி இருந்தாள். அடுத்து நான் உட்கார்ந்தேன். என் படத்தைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எல்லா விளக்கையும் போட்டு, முகத்தில் எதையும் பூசாமல், இருவரையும் மறுபடி எடுக்கச் சொன்னேன். வாடிக்கைக்காரி முன்னால் தொழில் ரகசியத்தை உடைத்துப் போட்டேன். ரேகாவின் முகம் சுண்டிப்போயிற்று, போகட்டும்.

சங்கீதா படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு என்னிடம் அமைதியாகச் சொன்னாள்.

“புரியுதுக்கா. அது ட்ரிக்குதான். ஆனா இப்ப நான் வீட்டுக் கண்ணாடில பாத்தாலும் எனக்கு அந்த மேடு மட்டும்தான் தெரியுது. அத எப்பிடி எடுப்பீங்க?”

வீடியோவை எடுத்துவிடச் சொன்னேன், ரேகா எடுத்துவிட்டாள். குரூப்பில் இருந்ததை யார் எடுப்பது?

“நாளைக்கு நானும் வர்றேன்” என்றேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் இருவரும் பஸ் ஏறினோம். அந்தக் கிளினிக் பளபளவென்று இருந்தது. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்து பேசினாள், ஆலோசகராம். சங்கீதாவைப் பக்கவாட்டில் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டு, மேட்டை ஒரு இழுப்பில் அழித்துக் காட்டினாள். “கல்யாணத்துக்குள்ள ரெடி பண்ணிடலாம், ஒண்ணும் பயப்பட வேணாம்” என்றாள். பிறகு ஒரு ஆல்பத்தைத் தள்ளினாள். ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் முன், பின் படங்கள்.

சங்கீதா பக்கம் பக்கமாகப் புரட்டினாள். நான் எட்டிப் பார்த்தேன். முன் படங்களில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் மேலிருந்து வெளிச்சம், குனிந்த தலை. பின் படங்களில் எல்லாருக்கும் பொட்டு, புதுத் துணி, நிமிர்ந்த தாடை. நான் வாயைத் திறக்கும் முன்னால் சங்கீதா அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

“இவங்களல்லாம் ஆபரேசனுக்கு முன்னாடி ஒரு தடவ சிரிக்கச் சொல்லி எடுத்தீங்களா?”

“அது மெடிக்கல் போட்டோ மேடம்.”

“அப்ப பின்னாடி எடுத்தது?”

அந்தப் பெண் ஏதோ சொன்னாள். சங்கீதா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். டாக்டர் வரும்வரை காத்திருக்கவில்லை. வரும் வழியில் இரண்டு ப்ளவுஸ் துணி வாங்கினாள், வீட்டில் காட்ட வேண்டுமே.

என்னை ஆபரேஷனுக்கே எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். செவிலிமேட்டில் ஒரு டீச்சர். சின்ன வயதில் படியில் விழுந்து மூக்கு உடைந்தது. ஒரு பக்கம் மூச்சு வராது, மூக்கும் ஒரு பக்கமாக வளைந்திருக்கும். விவரம் தெரிந்த நாளிலிருந்து சரிசெய்துகொள்ள ஆசைப்பட்டு, சம்பாதித்து, வீட்டில் சண்டை போட்டு, செய்துகொண்டாள். என்னிடம் வந்து, “இப்பதான்கா என் மூஞ்சி எனக்கு வந்துச்சு” என்றாள். அவளுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். அந்த ஆசை அவளுடையது. சங்கீதாவின் தலைக்குள் அதை வைத்தது என் கடை. வித்தியாசம் அவ்வளவுதான். ஒரு பெண் உங்களிடம் ‘என் மூக்கு’ என்று ஆரம்பித்தால், எப்போதிலிருந்து என்று கேளுங்கள். யார் சொன்னது என்று கேளுங்கள். அதற்குப் பதில் ஒரு பார்லரின் பெயராக இருந்தால், வெட்கப்படுங்கள்.

கிளினிக்கிலிருந்து திரும்பிய அன்று நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பாமல் நேராகப் பார்த்துக்கொண்டே வந்தாள். களைப்பு என்று நினைத்தேன்.

கல்யாணத்துக்கு நானே போய் அலங்காரம் செய்தேன். ரேகாவை அழைத்துப் போகவில்லை. மூக்குக்கு நிழல் கொடுக்கும் பிரஷைப் பெட்டியில் வைக்கவே இல்லை. முகத்தை முடித்ததும் கண்ணாடியைக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, “அக்கா, மூக்குக்கு ஒண்ணும் போடலியா?” என்று மெல்லக் கேட்டாள்.

“வேணாம்மா, நல்லா இருக்குது.”

“போடுங்கக்கா. ப்ளீஸ்.”

விரல் நுனியால் போட்டேன். மேடையில் யார் கூப்பிட்டாலும் அவள் தலையை மட்டும் திருப்பவில்லை. இடுப்போடு சேர்த்து முழுசாகத் திரும்பினாள். போட்டோ எடுக்கிற பையன், “மாப்பிள்ளையப் பாருங்கம்மா” என்று கெஞ்சினான். அவள் அவன் கேமராவைத்தான் பார்த்தாள். சதீஷ் நல்ல பையன்தான், சிரித்துக்கொண்டே நின்றான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த ஆல்பம் முழுக்க அவள் புருஷனைப் பார்க்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது.

அன்றிலிருந்து ‘முன்’ படம் எடுக்கக் கூடாது என்று கடையில் சொல்லிவிட்டேன். ரேகா சில மாதத்தில் விலகித் தனியாகக் கடை போட்டாள். அவள் பக்கத்தை இப்போது பெரிய கூட்டம் பார்க்கிறது. தினம் ஒரு முன், தினம் ஒரு பின். உங்களில் பலர் அவளைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன்.

போன மாதம் காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் சங்கீதாவைப் பார்த்தேன். வாலாஜாபாத் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தாள், மடியில் கைக்குழந்தை. பெண் குழந்தை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பக்கத்தில் உட்காரச் சொன்னாள். மாமியார், மில், குழந்தையின் தூக்கம் என்று பேசிக்கொண்டே இருந்தாள். பேசும்போது அவளுடைய கட்டைவிரல் குழந்தையின் மூக்கின் மேலேயே இருந்தது. குளிப்பாட்டும்போது எண்ணெய் வைத்து மூக்கை நீவிவிடுவது நம் வீடுகளில் எல்லாம் நடப்பதுதான், மூக்கு எடுப்பாக வரட்டும் என்று செய்வார்கள். இது அப்படி இல்லை. இவள் நடுத்தண்டில் விரலை வைத்துக் கீழே அழுத்திக்கொண்டிருந்தாள். விட்டு விட்டு, மறுபடி மறுபடி. குழந்தைக்கு அங்கே மேடும் இல்லை, ஒன்றும் இல்லை. சுண்டைக்காய் மாதிரி ஒரு மூக்கு.

“இன்னாம்மா பண்ற?”

“எலும்பு இளசா இருக்கும்போதே அழுத்திவிட்டா பின்னாடி மேடு வராதாம்கா.”

“யார் சொன்னது?”

“யாரும் சொல்லல. நானாத்தான்.”

எனக்கு யார் மேல் கோபம் வருகிறது என்றே தெரியவில்லை. அவள் மேல் இல்லை, அது மட்டும் நிச்சயம். அவள் விரலைப் பிடித்து எடுத்தேன். குழந்தை தூக்கத்தில் முகத்தைச் சுளித்துவிட்டு அடங்கியது, மூக்குத் தண்டு சிவந்திருந்தது. சங்கீதா கையை விடுவித்துக்கொண்டாள். திரும்பவும் அதே இடத்தில் கட்டைவிரலை வைத்தாள்.

“விடுங்கக்கா” என்றாள். “இவளையாவது யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது.”